மாத்திரை திங்கக் கூலியா, மருமகனே?

வாங்க மருமகனே, உட்காருங்க. சுகாதாரத்துறையில அதிகாரி ஆயிட்டீங்க. இனிமே 'ஏலேய்'னு கூப்பிட்டா அரசாங்கம் கோவிச்சுக்கும். அதனால தாய்மாமன்ங்கிற திமிரைத் திண்ணைக்குக் கீழ வச்சுட்டு மரியாதையாவே பேசுறேன்.

நேத்து என்னமோ கொதிச்சீங்களே! "எச்.ஐ.வி. உள்ளவங்க தவறாம மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்தா பணம் கொடுக்கலாம்ங்கிறாங்க மாமா. தன் உயிரைத் தானே காப்பாத்திக்க ஒருத்தனுக்குக் கூலியா?"ன்னு. நியாயம்தான். மாத்திரையை 2004-லேருந்து அரசாங்கமே சும்மா கொடுக்குது. சும்மா கிடைக்கிறதை வாங்கிட்டுப் போக என்ன வலிக்குது?

மாத்திரை சும்மாதான் மருமகனே, அந்த ஒரு நாள் சும்மாவா வருது? கொத்துவேலைக்குப் போறவன் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னைக்குச் சம்பளம் போச்சு. மறுநாள் மேஸ்திரி "எங்கடா போன?"ம்பான். நெசத்தைச் சொல்ல முடியுமா? "சித்தப்பா செத்துட்டார்"ம்பான். மாசத்துக்கு ஒரு தடவைன்னா வருசத்துக்குப் பன்னெண்டு சாவு. ஒரு மனுசனுக்கு எத்தனை சித்தப்பன்தான் இருக்க முடியும்?

சரி, உங்க இஷ்டப்படியே காசு வேண்டாம். கூடவே நாலு யோசனை சொல்றேன், குறிச்சுக்கோங்க. வேலைவெட்டி நடக்கிற நேரத்துக்கு மட்டும் மையத்தைத் திறங்க. பேரை வராந்தா முழுக்கக் கேக்கிற மாதிரி கத்திக் கூப்பிடுங்க. ரெண்டு நாள் பிந்தி வந்தவனை நாலு பேர் முன்னால நிக்க வச்சு "உனக்கு அக்கறை இருக்கா?"ன்னு கேளுங்க. அன்போட நடத்துவோம்னு சுவத்துல ஒரு போஸ்டர் ஒட்டுங்க. வராதவங்க பட்டியல் தானா நீளும். அதைப் பத்திப் பேச உங்களுக்கும் ஒரு கருத்தரங்கு கிடைக்கும்.

கருத்தரங்குன்னதும் ஞாபகம் வருது. அன்னைக்குப் போனீங்களே, பயணப்படி உண்டு, தினப்படி உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு, தோள்ல மாட்ட ஒரு பையும் உண்டு. அங்க என்ன பேசுனீங்க? காசு கொடுத்தா நோயாளிக்குப் பொறுப்பு போயிடும்னு! பிரியாணி தின்னும் உங்க பொறுப்பு போகலையே மருமகனே, அது எப்படி?

அந்தப் பையில இருந்த காகிதத்தைத்தான் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்க வாசிக்கலைன்னு தெரியும், மடிப்பு கலையலை. தான்சானியா நாட்டுல ஷின்யாங்கான்னு ஒரு பகுதி. புதுசா மருந்து தொடங்கின 530 பேரைக் குலுக்கல் மாதிரி மூணா பிரிச்சிருக்காங்க. ஒரு கூட்டத்துக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு, மாசம் வந்து போனா அந்த ஊர்க் காசுல 10,000 ஷில்லிங். மூணாவதுக்கு 22,500; அமெரிக்கக் கணக்குல அதுவே சுமார் பத்து டாலர்தான். ஆறு மாசத்துக்கு மட்டும். முடிவுல பாத்தா, சிகிச்சையை விடாம, வைரஸும் அடங்கி இருந்தவங்க காசில்லாத கூட்டத்துல நூத்துக்கு 73. சின்னக் காசுக்கு 83. பெரிய காசுக்கு 86. இது 2020-ல வெளிவந்த சேதி. இரட்டிப்புக்கு மேல கொடுத்தும் மூணு பேர்தான் கூடுறாங்க. உங்க துறைக் கஞ்சத்தனத்துக்கும் இதுல இடம் இருக்கு, பாருங்க!

இன்னொண்ணும் உண்டு. மருந்தைத் தவறாம சாப்பிட்டு, சோதனையில தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கினவங்ககிட்டேருந்து உடலுறவு வழியா துணைக்கு அது தொத்துறதில்லை. அப்போ அவர் முழுங்குற மாத்திரை வீட்டுக்காரியையும் சேர்த்துத்தானே காப்பாத்துது? ஊர் வேலை செய்யிறவருக்கு அரைநாள் கூலி கொடுக்க உங்களுக்கு நெஞ்சு அடைக்குது.

காசு எல்லாத்தையும் செஞ்சிடும்னு நான் சொல்லலை. அமெரிக்காவுல நியூயார்க்கின் பிராங்க்ஸிலயும் வாஷிங்டன்லயும் இதையே பாத்தாங்க. வைரஸை அடக்கி வச்சா மூணு மாசத்துக்கு ஒருக்கா 70 டாலருக்குப் பரிசு அட்டை. அடங்கினவங்க கூடினது நூத்துக்கு நாலு பேர்கூட முழுசா இல்லை. ஒழுங்கா வந்து போனவங்க என்னமோ ஒன்பது பேர் அளவுக்குக் கூடினாங்க. ஆனா எச்.ஐ.வி. இருக்குன்னு சோதனையில தெரிஞ்ச கையோட வைத்தியத்துக்கு வரச் சொல்லி 125 டாலர் வரைக்கும் காட்டியும் பெருசா ஒண்ணும் மாறலை. ஏன்னா என்னைக் கேட்டா, கூலி போன நட்டத்தைக் காசு ஈடுகட்டும். 'எவன் பாத்துருவானோ'ங்கிற பயத்துக்கு எத்தனை டாலர் கொடுப்பீங்க? அதுக்குக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுற கவுன்சிலரும், அதட்டாத நர்சம்மாவும்தான் வேணும்.

இதையெல்லாம் கேட்டு மேலிடம் என்ன சொல்லுமோன்னு நடுங்காதீங்க. காசநோய்க்காரங்களுக்குச் சத்தா சாப்பிடச் சொல்லி 2018-லேருந்து மாசம் 500 ரூபாய் கொடுத்து, பிறகு அதை 1000 ஆக்கினதும் இதே மேலிடம்தான். அதுல யாரும் 'சோறு திங்கக் கூலியா?'ன்னு கேட்டு நிக்கலை.

கொடுக்கிறதா முடிவெடுத்தா, கொடுக்கிற விதத்துல கவனம். பேங்க் மெசேஜுல 'எச்.ஐ.வி. ஊக்கத்தொகை'ன்னு போட்டுத் தொலைக்காதீங்க. அவங்க போனை வீட்டுல பிள்ளைங்கதான் நோண்டும். பணம் வாங்கத் தனி வரிசை வைக்காதீங்க. ஒரு மாசம் வரமுடியாதவரைத் திருடனைப் பாக்கிற மாதிரி பாக்காதீங்க. முக்கியமா, தொடக்க விழா எடுத்து, பயனாளிகளை மேடையேத்தி, ஆளுயரக் காசோலையோட போட்டோ பிடிக்காதீங்க.

என்ன மருமகனே, முகம் வாடிப்போச்சு? பேனர் இல்லாம, மேடை இல்லாம, மாலை இல்லாம ஒரு திட்டத்தை நடத்தணும்னா, முதல்ல ஊக்கத்தொகை கொடுக்கவேண்டியது உங்களுக்குத்தான் போல!