பாம்புக்குப் பெண் பார்ப்பவர்

பாம்பைக் கண்டு ஓடுகிறவர்களையும் பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுகிறவர்களையும் நமக்குத் தெரியும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் மூன்றாவது வகை ஒன்று கொஞ்ச காலமாகத் தலையெடுத்திருக்கிறது. இவர்கள் பாம்புக்குத் துணை தேடுகிறவர்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது முப்பத்திரண்டுக்கு மேல், முப்பத்தைந்துக்குள். கல்யாணம் ஆகியிருக்காது. ஜாதகத்தில் நாக தோஷம் இருப்பதாக யாரோ சொல்லி, அம்மா காளஹஸ்திவரை இழுத்துக்கொண்டு போய்ப் பரிகாரம் செய்து முடித்திருப்பார். திரும்பி வந்த மறுமாதம் பையன் கண்ணாடித் தொட்டி ஒன்றோடு வீட்டுக்குள் நுழைவான். "தோஷம் கழியணும்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். இவன் தோஷத்தைத் தொட்டியில போட்டு ஹாலுக்கே கொண்டாந்துட்டான்" என்று அம்மா தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குப் போகிறவர்களிடம் இவர் முதலில் நீட்டுவது காபி அல்ல, ஒரு காகிதம். "சார், பயப்படாதீங்க. இது நம்ம ஊர்ப் பாம்பு இல்ல" என்பார். சாரையோ மண்ணுளியோ மலைப்பாம்போ, நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. இவருடையது பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், விஷம் கிடையாது, பொதுவாக நான்கைந்து அடிக்கு மேல் வளராது. இதற்கும் சும்மா அனுமதி இல்லை. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவுச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருப்பார். ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். சிக்கல் என்னவென்றால், பால் பைத்தான் எதையுமே செய்யாது. ஆப்பிரிக்காவில் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கிற ஜீவன் அது. சென்னைப் பெருங்குடியிலும் ஒளிய ஒரு மூடி கொடுத்தால், இவர்கள் மொழியில் ஹைட், அதற்குள் புகுந்து பகல் முழுக்கக் கிடக்கும். வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு எலி தின்னும். மனம் வந்தால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதற்கு இது சொர்க்கம். இவருக்கோ அடிவயிறு கலங்கும். இரவு பதினொரு மணிக்குத் தொட்டிமுன் குந்தி உட்கார்ந்துகொண்டு, "பாவம், தனியா இருக்குல்ல?" என்பார். அம்மா பக்கத்து அறையிலிருந்து, "நீயும்தான்டா இருக்க" என்பார். அது இவர் காதில் விழாது.

இவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நம் ஊரில் பாம்பு என்றாலே இரண்டுதான். அரசமரத்தடி நாகக்கல்லில் இரண்டு பாம்பு பின்னிக்கிடக்கும். வயல் வரப்பில் இரண்டு சாரை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றால், நாகமும் சாரையும் கூடுகின்றன என்று தோளிலிருக்கும் துண்டை எறிந்து எடுத்து பீரோவில் வைப்பார்கள், பணம் சேருமென்று. பெரும்பாலும் அவை இரண்டு ஆண் சாரைகள். நடப்பது மல்யுத்தம். போதாததற்கு 1979இல் வந்த 'நீயா?' படம், ஒன்றை அடித்தால் ஜோடி வந்து பழிவாங்கும் என்பதை ஊர் ஊராகக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. இப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தனிப் பாம்பைப் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கத்தான் செய்யும்.

அடுத்த கட்டம் பெண் பார்க்கும் படலம். தனக்கு வந்த வரன்களில் போட்டோவைக்கூட முழுதாகப் பார்க்காதவர், பாம்புக்கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்கவேண்டும். எடை என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டது, தோல் முழுசாக உரிந்ததா, வீட்டில் எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள். நிறத்தில் மட்டும் பிடிவாதம் கிடையாது. சாதாரணப் பழுப்பானாலும் சரி, 'பனானா' என்று அவர்கள் சொல்லும் மஞ்சளானாலும் சரி. கடைக்காரர், "ப்ரோ, கேரண்டி ஃபீமேல் ப்ரோ" என்பார். கழிவுத் துவாரத்துக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துத்தான் பாம்பு ஆணா பெண்ணா என்று சொல்வது வழக்கம். கைப்பழக்கம் இல்லாதவர் விட்டால் பாம்புக்குக் காயம், பதிலும் தப்பு. 'கேரண்டி ஃபீமேல்' வீட்டுக்கு வந்த பின் ஆணாக மாறிய கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

இவ்வளவு கேட்பவர், கேட்கவேண்டியதை மட்டும் கேட்கமாட்டார். செதிலுக்கடியில் உண்ணி இருக்கிறதா? எத்தனை நாள் தனியாக வைத்துப் பார்த்தார்கள்? புதுப் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், வேறு தண்ணீர்க் கிண்ணம், வேறு இடுக்கியோடு வைத்துப் பார்ப்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் முறை. ஒரு வைரஸ் இருக்கிறது. போவா இனத்துப் பாம்பில் வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் குடியிருக்கும். பைத்தானுக்கு வந்தால் நரம்பைத் தாக்கிச் சீக்கிரமே கொன்றுவிடும். மருந்து கிடையாது. இதைச் சொன்னால், "நீங்க ஏன் சார் நல்ல காரியத்துல அபசகுனமா பேசுறீங்க?" என்று முகத்தைச் சுளிப்பார்.

நல்ல காரியம்தான். ஆனால் கொஞ்சம் கிளறினால் உள்ளே கணக்கு தெரியும். இரண்டாவது பாம்பு என்றால் இரண்டாவது தொட்டி, இரண்டாவது ஹீட் பேட், இரண்டாவது தெர்மோஸ்டாட், ஹாலில் இன்னொரு மேசைக்கு இடம். அம்மா சம்மதிக்கவேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. ஒரே தொட்டியில் விட்டால் எல்லாம் மிச்சம். பரிதாபம் பாதி, பட்ஜெட் பாதி. பாதிப் பரிதாபத்தை மட்டும் வெளியே சொல்வார், அவ்வளவுதான்.

முதல் வாரம் இவர் கால் தரையில் பாவாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் படத்தை எடுத்து, "பாருங்க, கட்டிப்பிடிச்சுத் தூங்குதுங்க" என்று எல்லாருக்கும் அனுப்புவார். படத்தில் எந்த மூலை என்று கவனியுங்கள். ஹீட் பேட் இருக்கும் மூலை. சுமார் முப்பத்திரண்டு டிகிரி சூடு தொட்டியில் அந்த ஒரு இடத்தில்தான் கிடைக்கும். தின்ற எலியைச் செரிக்க அது வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரே மின்விசிறிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கும் இரண்டு சித்தப்பாக்களின் பாசம் அது. பலமுள்ளது மேலே, மெலிந்தது கீழே. சில சமயம் மெலிந்தது குளிர்ந்த மூலைக்குப் போய்விடும், இரை எடுக்காது, இளைக்கும். பாம்பு கத்தாது, புகார் சொல்லாது. அதனால் எல்லாம் சுமுகம் என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

பிறகு இரை நாள் வரும். எலியின் வாசனை பரவியதும் அசைவதெல்லாம் இரைதான். இரண்டும் ஒரே எலியின்மேல் பாயும். ஒன்று எலியின் தலையைக் கவ்வும், மற்றது எலியைக் கவ்வியதன் தலையைக் கவ்வும். சுற்றி இறுக்கத் தொடங்கிவிட்டால் பிரிப்பது சாமானியமில்லை. பால் பைத்தான் பாம்பு தின்னும் இனமல்ல, உண்மை. அமெரிக்காவின் கிங் ஸ்நேக்கைப்போல கிலுகிலுப்பைப் பாம்பையே விழுங்கி அதன் விஷத்தையும் செரிக்கிற சாதியும் அல்ல. நம் ராஜநாகம், கட்டுவிரியன் மாதிரி சொந்தக்காரர்களைச் சாப்பாட்டுக் கணக்கில் வைப்பதும் இல்லை. ஆனால் தவறிப்போய் இறுக்கியதற்கும் வேண்டுமென்று இறுக்கியதற்கும் இறுக்கப்பட்ட பாம்புக்கு என்ன வித்தியாசம்?

இதைத் தாண்டினால் துப்பறியும் வேலை. காலையில் தொட்டியில் கக்கிய எலி கிடக்கும். யார் கக்கியது? ஒரு நாள் மலத்தோடு ரத்தம் இருக்கும். யாருடையது? கால்நடை மருத்துவர் கேட்பார், இவர் இரண்டு பாம்பையும் மாறி மாறிப் பார்ப்பார், இரண்டும் இவரைப் பார்க்கும். முட்டை வந்துவிட்டால் இன்னொரு வேலை. ஈனுவது, சாவது, கைமாறுவது எல்லாவற்றையும் அதே பரிவேஷ் தளத்தில் தெரிவிக்கவேண்டும். லேமினேட் செய்யும் கடைக்காரருக்கு நல்ல காலம்.

முட்டைக்குத் துணை தேவை என்பதும் எப்போதும் சரியில்லை. 2020 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயி உயிரியல் பூங்காவில், இருபது வருடமாவது எந்த ஆணின் பக்கமும் போகாத ஒரு பால் பைத்தான் ஏழு முட்டை இட்டது. வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கு. பூங்காக்காரர்களே திகைத்துப்போய் மரபணுச் சோதனைக்கு முட்டை அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பூந்தொட்டி மண்ணில், மண்புழு என்று நினைத்து நாம் தூக்கியெறிகிற செவிப்பாம்பு இனத்தில் ஆணே கிடையாது. அத்தனையும் பெண், அத்தனையும் தானாகவே முட்டையிட்டுப் பெருகுபவை. இவர் வீட்டுத் துளசித் தொட்டியிலேயே இருக்கலாம். அதற்கு யாரும் வரன் பார்க்கவில்லை.

இந்த வகையினரை ஒரேயடியாக மட்டம் தட்டவும் முடியாது. 2024இல் கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆறு இளம் பால் பைத்தான்களைப் பெரிய தொட்டியில் விட்டு, ஆளுக்கொரு ஒளிவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவை தனித்தனியாகப் போகவில்லை. பெரும்பாலான நேரம் ஒரே ஒளிவிடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தனிமை விரும்பி என்று பெயர் வாங்கிய பாம்பு அது. இவர் கைக்கு இந்தச் செய்தி கிடைத்த அன்று எனக்கு ஒன்பது முறை ஃபார்வர்டு வந்தது. "இப்ப என்ன சார் சொல்றீங்க?"

நல்ல ஆய்வுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். கார்ட்டர் பாம்புகள் சேக்காளி தேர்ந்தெடுக்கும் என்பதையும் இதே பல்கலைக்கழகத்தார் முன்பு காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஆளுக்கொரு ஒளிவிடம் இருந்தது, எப்போதும் கேமரா கண் விழித்திருந்தது, சில நாளில் சோதனை முடிந்தது. பால் பைத்தான் இருபது முப்பது வருடம் உயிரோடிருக்கும். மூன்றடித் தொட்டி, ஒரே மூடி, ஒரே சூட்டு மூலை, சனி ஞாயிறு மட்டும் எட்டிப்பார்க்கிற எஜமானர் என்று எந்த ஆய்விலும் எழுதியிருக்கவில்லை. இரண்டு பாம்பு வேண்டுமா, இரண்டு தொட்டி வாங்குங்கள். அதற்கு மேசை இல்லையென்றால் ஒரு பாம்பு போதும்.

நமது ஆள் கடைசியில் அதைத்தான் செய்தார். அம்மாவின் தையல் மெஷினை ஓரங்கட்டி இரண்டாவது தொட்டி வைத்தாயிற்று. புதிதாக வந்த 'கேரண்டி ஃபீமேல்' ஆண்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் சும்மா இருக்கிறார் என்று நினைக்கவேண்டாம். போன ஞாயிறு கொளத்தூர் மீன்கடை வீதிக்குப் போய், ஒரு பாட்டிலில் ஒன்று என்று அடுக்கிவைத்திருந்த ஃபைட்டர் மீன்களின் முன் வெகுநேரம் கலங்கி நின்றுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்று சாகும்வரை கடித்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஃபைட்டர் மீன் இருந்து, இவரும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவர் வரும்போது தயவுசெய்து பாட்டிலை உள்ளறையில் வைத்துப் பூட்டுங்கள்.