நின்றாலும் சொல்லுங்கள், மாறினாலும் சொல்லுங்கள்!
கேள்வி – பதில்

கே: மகன் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டான். இப்போது ரெடிமேட் யூனிட்டில் வேலை. கல்லூரிக்குத் தனியாகச் சொல்லணுமா? வராவிட்டால் அவர்களுக்கே தெரியாதா?
– தையல்காரர், புதியம்புத்தூர்

தெரியும் அண்ணாச்சி, ஆனால் பதிவாகாது. வருகைப் பதிவேட்டில் காய்ச்சலில் படுத்தவனுக்கும் படிப்பை விட்டவனுக்கும் ஒரே 'ஆப்சென்ட்'தான். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: பெயர், பதிவு எண், கடைசியாக வகுப்புக்குப் போன தேதி, காரணம். நகலில் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். அளவு மாறினால் துணி வெட்டும் முன்பே சொல்லணும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கே: யூமிஸ், யூமிஸ் என்கிறார்களே, அது என்ன?
– மாணவி, ஓட்டப்பிடாரம்

பள்ளிக்கு எமிஸ், கல்லூரிக்கு யூமிஸ். தமிழக உயர்கல்வி மாணவர்களின் விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் கணினிப் பதிவேடு. உதவித்தொகைக்கான சரிபார்ப்பு அதை வைத்துத்தான் நடக்கிறது. உங்கள் யூமிஸ் எண்ணை ஆதார் எண் போலவே பத்திரமாகக் குறித்து வையுங்கள்.

கே: மகள் கல்லூரியை விட்ட பிறகும் புதுமைப்பெண் பணம் ஆயிரம் ரூபாய் வருகிறது. வரட்டுமே?
– தாய், எட்டயபுரம்

வேண்டாம் அம்மா. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிப் படிப்பைத் தொடர வேண்டும் என்று 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய திட்டம் அது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டும் படிக்கிற காலத்துக்கானவை. கல்லூரிக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். நாளை அவள் வேறு கல்லூரியில் சேரும்போது பழைய கல்லூரியில் 'படிக்கிறார்' என்றே பெயர் கிடந்தால், சிக்கல் அவளுக்குத்தான்.

கே: சேர்ந்த சில நாளிலேயே வேறு கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டிய பணமும் சான்றிதழும் திரும்பி வருமா?
– மாணவர், கோவில்பட்டி

பணம் நாளைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் சிறு கழிவு போக முழுக் கட்டணமும் வரும். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதன்பின் கட்டணம் திரும்பாது. சில ஆண்டுகளில் யுஜிசி கூடுதல் சலுகையும் அறிவிக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவே கூடாது.

கே: கல்விக்கடன் வாங்கியவர் பாதியில் நின்றால்?
– விவசாயி, விளாத்திகுளம்

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதே பொதுவான வங்கி முறை. படிப்பு நின்றால் அந்தக் கணக்கு மாறும். பாதியில் விட்டவருக்கு மத்திய அரசின் வட்டி மானியமும் நிற்கும், மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. வங்கி மேலாளரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லுங்கள்.

கே: எங்கள் கல்லூரியில் பெயர்கள் ஏராளம், ஆள் குறைவு. மாற்றங்களை எப்படி வேகமாகப் பதிவது?
– கல்லூரி அலுவலக உதவியாளர், தூத்துக்குடி

மாறிய பெயர்களை மட்டும் கேளுங்கள். வெள்ளிதோறும் ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரும் ஒரு தாள் தரட்டும்: நீண்ட விடுப்பு, இடமாற்றம், நின்றவர், திரும்பி வந்தவர் என நான்கே பத்தி. ஒருவர் கணினியில் ஏற்ற, இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஏற்ற வேண்டியது கடைசியாக வகுப்புக்கு வந்த தேதி, தட்டச்சு செய்த தேதி அல்ல. தேர்வுக் கட்டணப் பட்டியல் வரும்போது மறுபடி ஒப்பிடுங்கள். வேகமும் தேதியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் அரசுக் கல்விக்கடன் பெறும் மாணவர்களின் நிலையைக் கல்லூரிகள் 60 நாளுக்கு ஒருமுறையாவது அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அரசு அனுப்பும் பட்டியலை 15 நாளில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். படிப்பை விட்ட தேதியிலிருந்தே அங்கே கடன் தவணைக்கான அவகாசம் எண்ணப்படுகிறது.

கே: பிரசவத்துக்காக நிற்கிறேன். டி.சி. வாங்கிவிடவா?
– மாணவி, கயத்தாறு

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் தர விதி வகுக்கும்படி 2021 டிசம்பரிலேயே யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. முதலில் விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். திரும்பி வர மறு சேர்க்கைக்கான வழியையும் அன்றே கேட்டு வையுங்கள்.

கே: மாணவர் நின்றுவிட்டால் கல்லூரி செய்ய வேண்டிய முதல் வேலை?
– ஆசிரியர், புதியம்புத்தூர்

வீட்டுக்குப் போன் போடுவது. நம் கரிசல் காட்டில் புரட்டாசி விதைப்பும் தீபாவளித் தையல் ஆர்டரும் ஒன்றாக வரும். வீட்டுக்குக் கை தேவைப்படும்போது பிள்ளையின் புத்தகம்தான் முதலில் மூடப்படுகிறது. இரண்டு வாரம் வராதவரை அப்போதே தேடினால் பலரைத் திருப்பிக் கொண்டுவரலாம். பருவம் முடிந்தபின் 'நின்றவர்' என்று ஏற்றினால் கணக்கு மட்டுமே நேராகும். பெயரை அடிப்பதற்கு முன் ஆளைத் தேடுங்கள்.