கறுப்பு பெயிண்டுக்கு மயங்காதே மாப்ளே

உன்ற பழைய மகிந்திரா பிக்கப்புக்கு அஞ்சு கியர் பெட்டி வாங்கியாந்து, சந்தனம் குங்குமம் வெச்சு, திருஷ்டிக்கு எலுமிச்சம் பழமும் கட்டியாச்சாமா. கேக்கவே சந்தோசம் மாப்ளே. அந்தப் பெட்டி எதும்மேல உக்காரப் போகுதுன்னு உன்ற மெக்கானிக்கைக் கேட்டேன். "பாத்துக்கலாமுங்க"ன்னான். இந்தப் 'பாத்துக்கலாம்'ல எத்தனை தோட்டம் கை மாறியிருக்குதுன்னு உங்கப்பனைக் கேளு, சொல்லுவான்.

கியர் பெட்டியோட முன்பக்கம் பெல் ஹவுசிங்கோட சேந்து எஞ்சின்ல நிக்குது. வால் பக்கத்துக்குத்தான் தனியாத் தாங்கல் வேணும். சேஸுக்குக் குறுக்கால ஒரு கிராஸ் மெம்பர், அதும்மேல மவுண்டிங் ரப்பர், ரப்பரையும் பெட்டியையும் கோக்க ஒரு பிராக்கெட். இதுல ஒண்ணு போனாலும் பெட்டி ஆட ஆரம்பிச்சிரும். கிளட்ச்சை விட்டதும் கியர் ராடு துள்ளும். லோடோட மேடேறுறப்போ கியர் தானாக் கழண்டுக்கும். அடியில 'டங்'குன்னு கேக்கும். நீ பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சு வைத்தியம் பண்ணுவே.

நாலு கியர் பெட்டி இருந்த எடத்துல அஞ்சு கியர் பெட்டியை வெச்சா, வால் நீண்டு பின்னாடி போகும். பழைய கிராஸ் மெம்பர் நின்ன எடத்துலயே நிக்கும். அதனால வேற கிராஸ் மெம்பரைத் தேடித்தான் ஆகணும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில கெடைச்சாக் கெடைக்கட்டும், இல்லாட்டி ரயிலேறி மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போ. அங்க ஒடைக்காத வண்டி ஏது? ஆனா செல்லுல ஒரு போட்டோவை எடுத்துட்டுக் கெளம்பிராதே. போட்டோ பாத்துப் பொண்ணு முடிவு பண்ற மாதிரிதான் ஆகும், ஒசரம் தாலி கட்டுறப்போத்தான் தெரியும். அட்டைப் பெட்டியைக் கிழிச்சு, கியர் பெட்டி அடியில போல்ட்டு ஓட்டை இருக்கற எடத்துல வெச்சு அழுத்தி, பதிஞ்ச அச்சுப்படி கத்தரிச்சு எடு. ரெண்டு சேஸுக்கும் நடுவுல உள்பக்க அளவு எத்தனை, சேஸு மட்டத்துலருந்து பெட்டி அடி எத்தனை கீழ எறங்குதுன்னு டேப்புல புடிச்சு அந்த அட்டையிலயே எழுதிக்கோ.

கடைக்காரன் பெரிய ஆளு. துருப்புடிச்ச எல்லாத்துக்கும் கறுப்பு பெயிண்டை அடிச்சு வரிசையா மாட்டியிருப்பான். போனதும் கிராஸ் மெம்பரைத் தேடாதே. ஹெட்லைட்டு என்ன வெலைன்னு கேளு, கண்ணாடி என்ன வெலைன்னு கேளு, மூஞ்சியைச் சுளி. கெளம்புறப்போ, "அந்தத் தகரம் என்ன சொல்றீங்க?"ன்னு கால்ல காட்டு. கையில ஒரு கம்பி பிரஷ் இருக்கட்டும். வெல்டு ஓரத்துல தேச்சா மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தாத் தெரிஞ்சிரும். போல்ட்டு ஓட்டை வட்டமா இருக்கான்னு பாரு. நீண்டு, ஓரம் மட்டும் பளபளன்னு இருந்தா, லூசான போல்ட்டு அதுல வருசக்கணக்கா ஆடியிருக்குதுன்னு அர்த்தம். சமமான சிமெண்டுத் தரையில வெச்சு மூலையை அமுக்கு. டக்கு டக்குன்னு ஆடுனா, முறுக்கு விழுந்த சரக்கு. சேஸு துண்டோட சேத்து வெட்டி வெச்சிருந்து, அதுல நெம்பரும் குத்தியிருந்துச்சுன்னா, கும்புடு போட்டுட்டு அக்கட்டால போயிரு. அந்த வண்டி யாருதோ, எந்த ஸ்டேசன்ல தேடுறாங்களோ.

இரும்பைப் பழசுல வாங்கு, ரப்பரை வாங்காதே. "இது ஒரிஜினலுங்க, இப்பல்லாம் இந்த மாதிரி வராதுங்க"ன்னு கடைக்காரன் உருகுவான், உருகட்டும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல ரப்பரை வேக வெச்சு ஒட்டுனதுதான் மவுண்டிங். வெளிய முழுசாத் தெரியும், நெகத்தை விட்டு நெம்புனாத் தகட்டை விட்டுத் தனியா வரும். எண்ணெய் குடிச்ச ரப்பர் உப்பி மெதுமெதுன்னு ஆயிரும். பெட்டி வால்ல ஆயில் சீல் ஒழுகுதுன்னா அதை மொதல்ல மாத்து, இல்லாட்டிப் புது ரப்பரும் அதையே குடிச்சு வளரும்.

இன்னொரு கெரகம் இருக்குது. அந்தக் காலத்து மகிந்திராவெல்லாம் வில்லிஸ் ஜீப்பு வம்சம், போல்ட்டெல்லாம் இஞ்சு கணக்கு. பொறவு பிரான்சுக்காரன் பியூஜோ எஞ்சின் வந்து மில்லிமீட்டரையும் கொண்டாந்து சேத்திருச்சு. ஒரே வண்டியில ரெண்டு கணக்கும் குடித்தனம் பண்ணுது. மூணு நூல் போல்ட்டு 9.5 மில்லி, பத்து மில்லி ஓட்டையில சும்மா எறங்கும். இந்த நட்டு அந்தப் போல்ட்டுல உக்காராது. உன்ற ஆளு பைப்புப் போட்டு நெம்பி ஏத்துவான், ஏறவும் ஏறும். மரை போயிரும். கம்பெனியே 1945-ல 'மகிந்திரா அண்டு முகமது'ன்னு ஆரம்பிச்சதுதான். கூட்டாளி பாகிஸ்தான் போயி நிதி மந்திரி ஆயிட்டாரு, இவிய பேர்ல பாதியைக் கழட்டி வேற மாட்டி ஓட்டுனாங்க. அதனால நீ பாதியை மாத்துறது பாவமில்லை, அளவு சரியா இருக்கோணும்.

இப்ப மாட்டுற சோலி. பழைய கிராஸ் மெம்பரைக் கழட்டுறதுக்கு முன்னாடி எஞ்சினுக்கும் பெட்டிக்கும் அடியில பலகை வெச்சு ஜாக்கி குடு. இல்லாட்டி எல்லாம் சேந்து பின்னாடி சாயும், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடும், ஃபேன் எதுலயாவது மோதும். வண்டி நாலு சக்கரத்துல நிக்கோணும். பின் ஆக்ஸில் தொங்குனா அளவெல்லாம் பொய்யாயிரும். நீ எப்பவும் ஏத்துற லோடுல பாதியாச்சும் மூட்டையா ஏத்தி வை, பட்டை அமுங்குனாத்தான் ஆக்ஸில் நெசமான எடத்துக்கு வரும்.

கொத்தனார்கிட்ட ரசமட்டம் கடன் வாங்கு. பெட்டி வால்ல இருக்கற பிளேஞ்சுல ஒண்ணு, ஆக்ஸில் பிளேஞ்சுல ஒண்ணு வெச்சுப் பாரு. ரெண்டும் ஒரே சாய்மானமா, ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கோணும். பெட்டி வாலு ஏறினாலோ எறங்கினாலோ ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டோட ரெண்டு யூஜே கிராஸும் சண்டை போடும், ஒரு வேகத்துக்கு மேல வண்டி சாமி வந்த மாதிரி ஆடும். ஜாக்கியிலயே மட்டத்தைச் சரி பண்ணிட்டு, பொறவுதான் அடியில எத்தனை எடைவெளின்னு அளந்து, புது ரப்பரை வெச்சு, மிச்சத்துக்குத் தகடு வெட்டு. உன்ற மெக்கானிக் நேர்மாறாப் பண்ணுவான். கெடைச்ச மவுண்டிங்கை மாட்டிட்டு, பெட்டி எங்க போனா என்னன்னு விட்டுருவான்.

ஓட்டை போடணும்னா கிராஸ் மெம்பர்லயும் பிராக்கெட்லயும் போடு. சேஸுல போட்டே ஆகணும்னா நடுப் பக்கத்துல போடு, மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் கைய வெக்காதே. லோடு தாங்குறது அந்த ஓரம்தான். வெல்டு வெக்கறப்போ ரப்பரைக் கழட்டி ஓரமா வை, பேட்டரி ஒயரையும் கழட்டு. தலையில 8.8ன்னு குத்துன போல்ட்டாப் பாத்து வாங்கி, எல்லாத்தையும் கையால மாட்டி, வண்டியை முன்ன பின்ன ஆட்டி, எல்லாம் அதது எடத்துல உக்காந்த பொறவு இறுக்கு. ஒரு பக்கத்தை மொதல்லயே முடுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டே காலம் தள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிளும் சைலன்சர் பைப்பும் புதுச் சட்டத்துல உரசுதான்னு ஒரு தடவை அடியில படுத்துப் பாரு. சட்டை அழுக்காகும்னு யோசிச்சீன்னா உன்ற மெக்கானிக்கோடது இருக்குதே.

ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டை வெட்டிச் சின்னதாக்கி பேலன்ஸ் பண்ண லேத்துப் பட்டறைக்கு எப்படியும் போவே. போறப்போ இக்கட்டால வந்துட்டுப் போ. என்ற கெணத்து மோட்டார் ஷாப்ட்டு தேஞ்சு கெடக்குது, அதையும் எடுத்துட்டுப் போயிக் கடைஞ்சு வாங்கியா. கூலியை நீயே குடுத்துரு. இத்தனை நேரம் நான் சும்மாவா பேசுனேன்?