சேர்க்கைக் கடிதத்தால் பரவும் வியாதிகள்: ஜனக்புரியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வைத்திய சாஸ்திரம் இதுவரை பெயர் சூட்டாத ஒரு வியாதியைப் பற்றி இங்கே பிரஸ்தாபிக்க விரும்புகிறேன். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த நிமிஷம் தொடங்கி, அவள் முதல் வகுப்பில் போய் உட்காரும் நாள் வரையில், அவள் ஒருத்தியைத் தவிர அவ்வீட்டார் அனைவரையும், மாடிப்படியைப் பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கத்தாரையும், சில சந்தர்ப்பங்களில் காய்கறி வண்டிக்காரரையும் பீடிக்கும் இவ்வியாதி, தண்ணீரால் பரவுவதில்லை, கொசுவால் பரவுவதில்லை, செய்தியாலேயே பரவுகிறது.

ஆராய்ச்சிக்கு வாய்த்த களம் மேற்கு டில்லி ஜனக்புரியில், டி.டி.ஏ. கட்டிய அடுக்குவீடுகளில் ஒன்று. அங்கே இரண்டாம் மாடியில் குடியிருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பட்டியலில் பெயர் வந்த காலத்தில், நான் வேறு காரியமாக டில்லிக்குப் போய்ப் பதினெட்டு நாள் தங்க நேர்ந்தது. செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தம் இடது முழங்காலோடு எங்கள் வாசலில் நின்றபோது பத்து ஐம்பத்தைந்து. முழங்கால் வலிக்காக இரண்டு மாடி ஏறி வருவதில் உள்ள தர்க்க விரோதத்தை நான் குறித்துக்கொண்டேனே தவிர வாய்திறக்கவில்லை. "ஆன்ட்டி, இன்னும் கிளாஸே தொடங்கல" என்று பெண் சொல்லிப் பார்த்தாள். "அதனாலென்ன, டாக்டர் பேட்டி" என்று அந்த அம்மாள் நாற்காலியில் அமர்ந்து, சல்வாரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும். அந்த முழங்கால் முன்பே வலித்துக்கொண்டிருந்தது; கேட்க ஆளில்லாமல் அடங்கிக் கிடந்தது; ஆகையால் புதிய வியாதி என்று ஒன்றில்லை என்பார் சிலர். ஜனக்புரியின் பூகோளம் அறியாதார் கூற்று இது. சி-1 பகுதியில் மாதா சனன் தேவி ஆஸ்பத்திரி இருக்கிறது. சி-2பி பகுதியில் டில்லி அரசின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி இருக்கிறது. கிளினிக்குகளோ முக்குக்கு முக்கு. காது கொடுக்க ஆளில்லை என்ற வாதம் அங்கே நிற்காது. என் சித்தாந்தம் வேறு. படித்து முடித்த டாக்டரிடம் வியாதியைச் சொன்னால் அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே மருந்துச் சீட்டை எடுத்துவிடுகிறார்; அதோடு பேச்சு முடிந்தது. படிக்கவே தொடங்காத பெண்ணுக்கு மருந்து தெரியாது. ஆகையால் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேறு கதியில்லை. கீழ்வீட்டு அம்மாள் அன்று தம் முழங்காலைத் தொடங்கி, லூதியானாவில் வாழ்க்கைப்பட்ட மகளின் மாமியார் வரையில் சொல்லி முடித்து, வலி பாதி குறைந்ததாகப் பிரகடனம் செய்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் படியிறங்கினார்.

மயூர் விஹாரிலிருந்து நீலத் தடத்து மெட்ரோவில் வண்டி மாறாமலே வந்து சேர்ந்த பெண்ணின் சித்தப்பாவுக்கு வியாதி வேறு வடிவில் கண்டது. அவருக்கு முதலில் சம்சயம்தான் வந்தது: "ஊசி போடுறதுக்கு டிகிரியா?" இந்தச் சம்சயம் ரொம்பப் பழையது, அதற்கான விடையும் பழையது. 1946-லேயே, நாடு சுதந்திரம் பெறுவதற்கு ஓராண்டு முன்னதாக, டில்லியில் ஒன்றும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஒன்றுமாக நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. டில்லியில் தொடங்கியதே, பின்னாளில் முதல் சுகாதார மந்திரியான ராஜகுமாரி அம்ருத் கௌரின் பெயரைத் தாங்கி இன்றும் நடக்கிறது. நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். முதல் செமஸ்டரில் உடற்கூறு, உடலியக்கம், சமூகவியல், ஆங்கிலம், நர்சிங் அடிப்படை, இவற்றோடு உளவியல். கடைசிப் பாடத்தின் பெயர் காதில் விழுந்ததும் சித்தப்பா பேச்சை நிறுத்தினார். தமக்குச் சில வருஷங்களாகவே ராத்தூக்கம் சரியில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

சொல்லாராய்ச்சி இல்லாத ஆய்வுக் கட்டுரையை அறிஞர் மதிக்கமாட்டார்கள் ஆதலால் அதையும் செய்துவிடுகிறேன். நர்ஸைக் குறிக்க நாம் இன்று எழுதும் 'செவிலியர்' என்ற சொல்லில் உள்ள செவிலி, சங்க அகப்பாட்டுகளில் தலைவியை வளர்த்த தாய். தொல்காப்பியர் கணக்கில் தோழியைப் பெற்றவளும் அவளே. தலைவி உடன்போக்குச் சென்றபின் வீட்டிலிருந்து புலம்புகிறவள் நற்றாய். பாலை நிலத்தில் தேடிப் புறப்பட்டு, எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறவள் செவிலி. ஜனக்புரியில் இந்த இலக்கணம் தலைகீழாயிற்று. போகிறவள் செவிலி, பின்னாலேயே புறப்பட்டவள் நற்றாய். விடுதியில் சேரப்போகும் மகளுக்கு வழி தெரியவேண்டும் என்ற வியாஜத்தில், என் தங்கை ஒரு செவ்வாய்க்கிழமை ஜனக்புரி மேற்கு நிலையத்தில் மெஜந்தா தடத்து வண்டி ஏறி, பாலம், வசந்த் விஹார், முனிர்க்கா ஆகிய சுரங்களைக் கடந்து (சுரம் என்றது ஈண்டுச் சுரங்கத்தையும் தழுவும்) ஹௌஸ் காஸில் இறங்கி, எதிர்ப்பட்ட கண்டோரையெல்லாம் வழி கேட்டுத் திரும்பினாள். பெண்ணோ வழியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். கல்லூரியார் கேட்ட மஞ்சள்காமாலைத் தடுப்பூசியிலும் இதே கதைதான்: முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று மூன்று தவணை, ஊசி மகளுக்கு, தோள்வலி தாய்க்கு.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வருஷ மாணவிகள் கையில் விளக்கேந்திப் பிரதிக்ஞை செய்யும் சடங்கு உண்டு என்று யாரோ சொல்லக் கேட்ட அத்தை, ஊரிலிருந்து ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். சரித்திர நோக்கில் இதை ஆட்சேபிக்கலாம் என்று எண்ணி நூல்களைப் புரட்டினேன். 1854-இல் ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போன ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இரவில் ஏந்திய விளக்கு, படங்களில் காணும் மூக்குவைத்த எண்ணெய் விளக்கே அல்லவாம். மடக்கி விரிக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்காம், உள்ளே மெழுகுவர்த்தியாம். உலகம் முழுவதும் தப்பான விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அத்தையை மட்டும் ஆட்சேபிப்பது தர்மமாகத் தோன்றவில்லை. விளக்கு பெட்டியிலேயே இருந்தது.

இனி, ஆராய்ச்சியின் மையப் பொருளுக்கு வருகிறேன். வெள்ளை ஷூ, கொண்டை வலை, கத்தரிக்கோல், சின்ன டார்ச் என்று நீண்ட பட்டியலில் 'விநாடி முள் உள்ள கைக்கடிகாரம்' என்றொரு வரி இருந்தது. மற்றவையெல்லாம் திலக் நகர் கடைத்தெருவில் ஒரே சாயங்காலத்தில் அகப்பட்டன. கடிகாரக் கடைக்காரரோ, அடி எண்ணும், தூக்கம் எண்ணும், இருதயத்தையும் தானே எண்ணும் கறுப்புக் கண்ணாடிச் சதுரங்களை வரிசையாகப் பரப்பினார். எண்ணவேண்டியவள் இவள், கடிகாரமல்ல என்று அவருக்கு எடுத்துச் சொல்லும் ஹிந்தி என்னிடம் இல்லை. வெறுங்கையோடு திரும்பியபோதுதான் பாட்டி பீரோவைத் திறந்து, காலஞ்சென்ற தாத்தாவின் எச்.எம்.டி.யை எடுத்தாள். 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவில் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய கம்பெனி அது; தாத்தாவுடையதோ, கீழே சிறு வட்டத்துக்குள் விநாடி முள் தனிக்குடித்தனம் நடத்தும் ஜாதி. சாவி கொடுத்ததும் ஓடிற்று. நாளுக்கு ஐந்து நிமிஷம் பின்தங்கவும் செய்தது.

"இதை நம்பித்தான் அவர் முப்பது வருஷம் செக்ரடேரியட்டுக்கு லேட்டா போனார்" என்றாள் பாட்டி, ஒருவகைப் பெருமையோடு.

நாளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தேன்: விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஆபீசுக்குப் போக லாயக்கற்ற கடிகாரம், நாடி பார்க்கப் பரிபூரண யோக்கியதை உடையது. 1707-இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில வைத்தியர் நாடி பார்ப்பதற்கென்றே செய்வித்துக்கொண்ட கடிகாரம், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நின்றுவிடுமாம். வைத்தியருக்கு அதற்குமேல் காலம் தேவையில்லை. நம் சித்தர்களுக்கோ அந்த ஒரு நிமிஷக் கடிகாரமும் அவசியப்படவில்லை. மூன்று விரலை வைத்து, கோழியும் மயிலுமாக நடப்பது வாதம், ஆமையும் அட்டையுமாக ஊர்வது பித்தம், தவளையும் பாம்புமாகப் போவது கபம் என்று நடையைப் பார்த்தார்களே ஒழிய, எத்தனை அடி நடந்தது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

எண்ணிக்கையை அன்றிரவே பரீட்சித்தோம். பெண் பாட்டியின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலால் தொடக்கூடாது, அதற்கென்று சொந்தத் துடிப்பு உண்டு, நோயாளியை விட்டுவிட்டுத் தன்னையே எண்ணிக்கொள்ள நேரும் என்பதை அவள் எங்கோ படித்திருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வளையலைச் சற்றே மேலே தள்ளிவிட்டு நாடியைத் தேடின. பதினெட்டு வரை எண்ணியபோது, "உன் தாத்தாவும் இப்படித்தான் கையைப் பிடிச்சுண்டு பேசாம இருப்பார்" என்றாள் பாட்டி. எண்ணிக்கை தப்பிற்று. இரண்டாம் முறை நாற்பதில், அடுப்பில் பால் இருப்பது பாட்டிக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் முறை யாரும் பேசவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தாள் பெண். ஜனக்புரியின் ஆகஸ்டுப் புழுக்கத்தில் ஆறு பேர் வியர்த்துக்கொண்டு, சிறு வட்டத்துக்குள் ஓடும் முள்ளைப் பார்த்தபடி நின்றோம். சித்தப்பா தம் மணிக்கட்டை ரகசியமாகத் தாமே பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன், அதுவும் கட்டைவிரலால்.

"எழுபத்தாறு, பாட்டி."

பாட்டி முகம் சுருங்கினாள். "எனக்கு எழுபத்தெட்டு ஆச்சேடி. ரெண்டு குறையறதே" என்று சொல்லி, இடது கையை நீட்டினாள்.