என்டர் விசை வியாஜ்யம்

வடகலைக்கும் தென்கலைக்கும் இடையே நாமம் இடும் முறைபற்றி எழுந்த அபிப்பிராய பேதம் கோர்ட்டுக் கச்சேரி வரைக்கும் போய் வியாஜ்யமாக வளர்ந்த தேசத்தில் பிறந்தவனாகையால், என்டர் விசையை ஒருவன் தட்டினால் என்ன நிகழவேண்டும் என்னும் அற்ப விஷயத்தில் இணைய உலாவிகள் பல்லாண்டு காலம் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தன என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. ஒருவிதமான பந்துபாவமே உண்டாயிற்று.

வலைப்பக்கத்தையே எழுதுபலகையாக்கும் 'கன்டென்ட் எடிட்டபிள்' என்னும் வித்தையை, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 மூலமாக மைக்ரோசாப்டார் உலகத்துக்கு அளித்தார்கள். மற்றவர்களும் அதைக் கைக்கொண்டார்கள்; ஆனால் இன்னது செய்தால் இன்னது நிகழும் என்று விதிக்கும் சாஸ்திரம் ஆதியில் எழுதப்படாமையால், அவரவர் மனோதர்மமே பிரமாணமாயிற்று. என்டரைத் தட்டினால் எக்ஸ்புளோரர் 'பி' என்னும் பத்திக்குறியை இட்டுவந்தது. குரோமும் சபாரியும் 'டிவ்' என்னும் பகுதிக்குறியை இடும். பயர்பாக்ஸோ 'பிஆர்' என்னும் வெறும் வரிமுறிப்புக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு, 2018-இல் தன் 60-ஆம் பதிப்பு வரும்வரையில் அந்தக் கொள்கையை விடாமல் நின்றது. எழுதுகிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே புது வரிதான். எழுதியதை இன்னோர் உலாவியில் திறந்து திருத்த முற்படும்போதுதான், பத்திகளுக்கிடையே ஆள் படுத்துறங்கத்தக்க இடைவெளி தோன்றியிருப்பதும், தடித்த எழுத்து எவ்வளவு மன்றாடினாலும் இளைக்க மறுப்பதும் தெரியவரும்.

டைனிஎம்சிஇ போன்ற எழுத்துக்கருவிகளை ஆக்கியோர், வந்திருக்கும் உலாவி எதுவென்று விசாரித்து, அதனதன் சுபாவத்துக்கேற்ற பரிகாரம் செய்யவேண்டியிருந்தது. விசாரித்தால் உண்மை வருமா? நெட்ஸ்கேப் தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்ட காலத்தில், அந்தப் பெயரைக் கேட்டே நல்ல பக்கங்களை அனுப்பிவந்த தளங்களுக்குள், எக்ஸ்புளோரரும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு புகுந்தது. பின்வந்தவர்களும் அவ்வழியே போனார்கள். இன்றைக்கும் குரோம் தன்னை மொசில்லா என்றும், ஆப்பிள்வெப்கிட் என்றும், கெக்கோ போன்றது என்றும், சபாரி என்றும் பிரகடனம் செய்துகொண்டு, நடுவில் தன் பெயரையும் கூச்சத்தோடு முணுமுணுக்கிறது.

கூகிள் டாக்ஸ்காரர்கள் 2010-இல் உலாவியின் எழுதுவித்தையை அடியோடு நிராகரித்து, கண்சிமிட்டும் கர்சரைக்கூடத் தாங்களே வரைந்துகொண்டார்கள். அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு நியாயமென்றே படுகிறது.

2013-இல் ஓபராவும் 2020-இல் எட்ஜும் குரோமின் அடித்தளமாகிய குரோமியத்தில் ஐக்கியமானபின் வழக்கு பெரும்பாலும் ராஜியாகிவிட்டது. ஆயினும், பயர்பாக்ஸ் பிரியனாகிய என்னைச் சில எழுத்துக்கருவிகள் 'குரோமில் வாரும்' என்று வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. அப்பொழுது நானும் முன்னோர் காட்டிய உபாயத்தைக் கையாண்டு, தன்னைக் குரோம் என்று சொல்லிக்கொள்ளும்படி பயர்பாக்ஸுக்கு ஒரு நீட்சியைப் பூட்டிவிட்டு, உள்ளே போய் நிம்மதியாகக் கட்டுரை எழுதுகிறேன்.