மாமா ரகம், முதல் தரம்

புதுச்சேரி தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வந்தால் எடை போட்டு, ஏலம் விட்டு, என்ன விலைக்குப் போனது என்று கணக்கில் எழுதுகிறார்கள். நெல்லுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு ஏன் இல்லை? கலந்தாய்வு நடத்திச் சீட்டு ஒதுக்கும் சென்டாக்கை இழுத்துப் பூட்டிவிட்டு, புதுச்சேரியின் மொத்தச் சீட்டையும் இங்கே கொண்டுவந்து கொட்டுங்கள். தொகுதியும் தோதானது. முதல்வர் ரங்கசாமி 2021-இல் நின்று ஜெயித்த இடம்.

2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் பேரைத் தொடாத பிரதேசத்தில் 9 மருத்துவக் கல்லூரிகள். பெருமைதான், சந்தேகமில்லை. நிகர்நிலைக் கல்லூரியிடம் அரசு ஒதுக்கீடு என்று வாயைத் திறந்தால், நாங்கள் பல்கலைக்கழகமாக்கும் என்று பதில் வரும். மற்ற தனியார் கல்லூரிகளோடு, எத்தனை சீட்டு தருவீர்கள் என்று அரசே உட்கார்ந்து பேரம் பேசும். பாதியை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட மட்டும் கை வராது. தனியாரில் பாதி இடங்களுக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் எழுதியது. அந்தக் காகிதத்தில் இந்நேரம் யார் வடை மடித்தார்களோ!

ஏலத்தில் 'மாமா ரகம்' தனிக் குவியல். வெளிநாட்டில் மாமா இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஐ. சீட்டு. மாமா இல்லாதவர்களுக்குத் தூதரக முத்திரையோடு மாமாவைத் தயாரித்தே கொடுத்தார்கள். 2024-இல் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டு விவகாரம் போலீசுக்குப் போனது. அதே ஆண்டு பஞ்சாப் அரசு மாமா, அத்தை, தாத்தா, பாட்டி வரை என்.ஆர்.ஐ. உறவை நீட்டியபோது, இது மோசடி என்று உச்ச நீதிமன்றம் முகத்துக்கு நேரே சொன்னது.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எந்த ஊரில் மாமா? அவனுக்கான 10 விழுக்காடு ஒதுக்கீட்டை 2020-இல் அமைச்சரவை முடிவு செய்தது. கோப்பு டெல்லி போய் ஒப்புதலோடு திரும்ப 2023 ஆயிற்று. நடுவில் பிளஸ் டூ முடித்தவன் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட்டுக்குப் போயிருப்பான்.

தட்டுத்தடுமாறி சீட்டு வாங்கியவனுக்கு, காமராஜர் பெயரில் அரசு கட்டண உதவி உண்டு. அறிவிப்பு உடனே வரும், பணம் ஆடி அசைந்து வரும். "முதல்ல நீங்க கட்டிடுங்கம்மா, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்பார் கவுன்ட்டரில் இருப்பவர், தலை நிமிராமல். அம்மா வெறுங்கழுத்தோடு அடகுக் கடையிலிருந்து வந்து கட்டுவாள். கட்டணமில்லாமல் படிக்கவைத்த மனிதரின் பெயரில் உதவி. வட்டிச் சீட்டு மட்டும் எதற்கு அம்மா பெயரில்? அதையும் காமராஜர் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.