ரசிகனாவது எப்படி, பேராண்டி?

வாடா பேராண்டி! மெட்ராஸ்ல ரெண்டு மார்கழிக்கு சபாவுல உக்காந்து எந்திரிச்சதுலேருந்து நம்ம கோயில் நாயனம் உனக்கு ஆகலையாமே? "அது மங்கள இசை தாத்தா, கச்சேரி இல்ல"ன்னியாம். பேஷ்! ஆனா முழு ரசிகனாக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, கேட்டுக்க.

வித்வான் ஆலாபனை எடுத்த உடனே பக்கத்து சீட்டுக்காரர் காதுல ராகம் பேரைச் சொல்லிப்புடணும். தப்பாயிருந்தாலும் பாதகமில்ல, முந்திக்கணும். தெரியலன்னா கண்ணை மூடிக்க. சொக்குறியா தூங்குறியான்னு எவன் கண்டான்? தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா கேன்டீனுக்கு நடையைக் கட்டு. தமிழ்ப் பாட்டுன்னா கடைசியில வர்ற துக்கடான்னு வச்சுக்க. அதை நடுவுல பாட வைக்கத்தான் அண்ணாமலை செட்டியார் மாதிரி பெரிய மனுஷங்க 1943ல தமிழ் இசைச் சங்கமே வைக்க வேண்டியிருந்துச்சு. அந்தப் பேச்சை சபாப் பக்கம் எடுத்துடாத.

பிடிலைப் பத்திக் கேட்டாலும் நழுவிடு. அது வெள்ளைக்காரன் வாத்தியம்டா! முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி கத்துக்கிட்டு வந்து நம்ம பாட்டுல சேத்தாரு. அண்ணன் மட்டும் சும்மாவா இருந்தாரு? இங்கிலீஷ் பேண்டு மெட்டுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் கட்டினாரு. நோட்டு சுரம்னு பேரு. அதுல ஒண்ணு அவங்க ராஜாவை வாழ்த்துற மெட்டு! கப்பல்ல வந்தது சுத்த சாஸ்திரியம், நரசிங்கம்பேட்டை ஆசாரி ஆச்சா மரத்துல கடைஞ்ச நாயனம் வாசல்ல நிக்கும். இந்தக் கணக்கு உனக்காச்சும் புரியுதா?

அந்தக் காலத்துல திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துல தோடியை எடுத்தா மணிக்கணக்காப் போகும்டா. ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். இப்ப உங்க சபாவுல நாயனக்காரர் சீவாளியை நாக்குல நனைச்சு உதட்டுல வச்சு ஊதிப் பாக்குறப்ப எதுத்தாப்புல யாரு? காலி நாற்காலியும், ஒயரை இழுக்குற மைக்செட் பையனும். கூட்டம் வந்து சேர்றதுக்குள்ள அவருக்குப் பொன்னாடையைப் போத்தி அனுப்பிடுறீங்க.

இங்க நம்ம கோயில்ல நாயனத்துல மல்லாரி கேட்டாத்தான் சாமி வாசப்படி தாண்டும். சாமிக்குப் போதும், பேராண்டிக்குத்தான் பத்தல.

சரி, ராத்திரி புறப்பாடு இருக்கு, வந்து நில்லு. ராகம் என்னன்னு நான் கேக்க மாட்டேன், பயப்படாத. நாற்காலி கெடையாது. கேன்டீனும் கெடையாது. சுண்டல் உண்டு, ஆனா தவுல்காரர் தனி முடியிற வரைக்கும் அண்டாவைத் தொறக்க மாட்டாங்க.